அப்பாதான் பேசறேன்

காய்ச்சல் வந்த மாணவர்களை எங்கள் பல்கலைக்கழகம் எப்படிக் கவனித்துக்கொண்டது என்று இன்று யாராவது கேட்டால், நிலவேம்புக் கஷாயம் கொடுத்துக் கவனித்தது என்று சொல்வேன். பொய்யில்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பெரிய அண்டாவை வைத்து, மொத்த விடுதியையும் ஒரே வரிசையில் தோளோடு தோள் உரச நிற்க வைத்து, இருபது எவர்சில்வர் டம்ளரை ஒரே பக்கெட் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து ஊற்றிக் கொடுத்தோம். புகைப்படக்காரர் வந்திருந்தார். முதல் டம்ளரைக் குடிப்பதுபோல நின்றவள் நான்தான். படத்தில் நன்றாகவே விழுந்திருக்கிறேன். அடுத்த நான்கு நாளில் இரண்டாவது மாடி முழுக்க இருமியது.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தனியார் பல்கலைக்கழகம் அது. நான் கணிதம் நடத்துகிறேன். கல்யாணம் ஆகாதவள், ஊர் தூரம் என்ற இரண்டு காரணங்களைக் காட்டி, பெண்கள் விடுதியின் துணைக் காப்பாளர் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அந்தப் பெயரைச் சம்பாதிக்க நான் உழைத்திருக்கிறேன், குறை சொல்ல முடியாது.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பெண்கள் காய்ச்சலை மறைத்தார்கள். வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுத முடியாது. வெளி டாக்டர் சீட்டு செல்லாது. எங்கள் மருத்துவ அறையின் முத்திரை வேண்டும். அந்த அறையிலோ ஒரே ஒரு நர்ஸ். யார் போனாலும் ஒரே மாத்திரை, ஒரே வாக்கியம்: "வெந்நீர் குடிம்மா, சரியாயிடும்." அதனால் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் இருமக் கற்றுக்கொண்டார்கள். மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்து கண் சொருக உட்கார்ந்திருந்தார்கள். என் வகுப்பிலும்தான். நான் பாடம் நடத்தினேன்.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். ஆனால் திங்கட்கிழமை தர ஆய்வுக் குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் மேலிடத்துக்கு நிஜமாகவே காய்ச்சல் கண்டது. வியாழன் மாலை பதிவாளர் விடுதிக் காப்பாளர்கள் எங்களைக் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகப் பேசியே வேர்க்க வைப்பார்.

"நாளைக்கு நாலு மணிக்குள்ள காய்ச்சல்னு ஒரு பொண்ணுகூட ஹாஸ்டல்ல இருக்கக் கூடாது. அப்பாவுக்கு போன் போடுங்க, சம்மதம் வாங்குங்க, ரெஜிஸ்டர்ல எழுதுங்க, பஸ் ஏத்துங்க. அவ்ளோதான்."

வீட்டில் யார் இருக்கிறார்கள், அங்கே டாக்டர் உண்டா, வழியில் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ரெஜிஸ்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்தப் பெண் வெளியே போவதென்றாலும், அவள் அப்பாவுக்கு நான் போன் செய்து 'சரி' வாங்கி, பேசிய நேரத்தோடு எழுத வேண்டும். முதல் ஆண்டில் அப்பாவே வந்து படிவத்தில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவார். இரண்டாம் ஆண்டு விடுதி இடத்தைப் புதுப்பிக்கும்போது படிவத்தைப் பெண்ணே நிரப்புவாள். அங்கேதான் ஓட்டை. லாரி ஓட்டுகிற அப்பா, வயலில் இருக்கிற அப்பா, முன்பின் தெரியாத எண் என்றால் எடுக்காத அப்பா, இவர்களையெல்லாம் நம்பினால் தீபாவளிக்குக்கூட வீடு போய்ச் சேர முடியாது. அதனால் எடுக்கிற ஒருவரின் எண்ணை எழுதிவிடுவார்கள். சித்தப்பா, சீனியரின் அண்ணன், யாரோ. எங்களுக்குத் தெரியாதென்று அவர்கள் நினைத்தார்கள். எங்களுக்கு எப்போதோ தெரியும். ரெஜிஸ்டருக்கு வேண்டியது ஒரு ஆண் குரலில் ஒரு 'சரி'. அது கிடைத்தால் எங்கள் வேலை சீக்கிரம் முடியும்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். முப்பத்தோரு பெயர்கள். மதியம் இரண்டு மணிக்கு, பட்டியலில் கடைசிக்கு முன்னால் இருந்தவள் உள்ளே வந்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி, படாளத்துப் பெண். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள், ஆனால் கணக்கு சுத்தமாகப் போடுவாள். இழுப்பு உண்டு. கையில் மூச்சுக்கு அடிக்கிற இன்ஹேலர் இருந்தது. அது தீரப்போகிறது என்றும், மருத்துவ அறையில் வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னாள்.

"மேம், என்னை அனுப்பாதீங்க மேம். வூட்ல அக்காவுக்கு கொயந்தை பொறந்து பத்து நாள்தான் ஆவுது. ஒரே ரூம் வூடு மேம். நான் மொட்டை மாடி ரூம்ல தனியா இருந்துக்கறேன். கமிட்டி வந்தா வெளிய தலையே காட்ட மாட்டேன்."

நியாயமான பேச்சு. மாடி அறை காலியாகத்தான் இருந்தது. ஆனால் மணி இரண்டு. எனக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்னும் இரண்டு பெயர் பாக்கி இருந்தது.

"நான் முடிவு பண்ற விஷயம் இல்லம்மா. அப்பா வேணாம்னு சொன்னா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, படிவத்தில் இருந்த எண்ணை அழுத்தினேன். அவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். "சொல்லுங்க மேடம், அப்பாதான் பேசறேன்." பின்னால் ஜெராக்ஸ் மிஷின் தாளை இழுத்துத் தள்ளும் சத்தம் கேட்டது. அந்தக் குரல் எனக்குப் பழக்கம். அதே வாரத்தில் வேறொரு பெண்ணுக்கும் அவரே அப்பா. எங்கள் வாசலுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். என் வினாத்தாள்களை நகல் எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான்.

"உங்க பொண்ணுக்குக் காய்ச்சல். வீட்டுக்கு அனுப்பறோம். சரியா?"

"சரி மேடம், அனுப்பிடுங்க. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இட்டுக்கினு போறேன்."

போனை வைத்தேன். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'அது என் அப்பா இல்லை' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அனுப்புவதை நிறுத்தியிருப்பேன். ஆனால் சொன்னால் பொய் எண் கொடுத்த குற்றம், பல்கலைக்கழகத்தைவிட்டே நீக்குவார்கள். 'அது உன் அப்பா இல்லை' என்று நானாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை நாள் தெரிந்தே எழுதிவந்த குற்றம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் குனிந்து, 'தந்தை சம்மதித்தார், 2.10' என்று எழுதினேன்.

சரியாக நாலு மணிக்குப் பேருந்து கிளம்பியது. மழைக்கு ஜன்னல் தட்டிகளை இறக்கியிருந்தார்கள். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்றுகூட நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடுதி முழுக்க ப்ளீச்சிங் பவுடர் வாசனை. காலியான கட்டில்களுக்குப் புது விரிப்பு மாட்டினோம். பதிவாளர் வந்து சுற்றிப் பார்த்து, "குட்" என்றார். அந்த ஒரு 'குட்'டுக்கு எனக்கு மனசு குளிர்ந்ததை இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிறு பத்தரை மணிக்குக் காவலாளி கூப்பிட்டார், பார்வையாளர் வந்திருக்கிறார் என்று. கீழே போனேன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, மடித்து விட்ட சட்டைக்கை, கையில் ஒரு மஞ்சள் பை. வாசலில் அவருடைய 'குட்டியானை' சரக்கு வண்டி நின்றிருந்தது.

"படாளத்துலேர்ந்து வரேன் மேடம். எம்பொண்ணு இங்கதான் ரெண்டாவது வருசம் படிக்குது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து போனு சுச் ஆஃப்னே வருது. முந்தாநேத்து, பரிச்சைக்குப் படிக்கறேன், போன் பண்ணாதீங்கன்னு மெசேஜ் போட்டிச்சு. அதான் இன்னா ஏதுன்னு பாத்துட்டு, நாளான்னிக்கு கொயந்தைக்கு பேரு வெக்கிறோம், லீவு கேட்டு இட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

"வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்துட்டாளே" என்று என் வாய் சொன்னது. அவர் சிரித்தார். நான் வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். "இல்ல மேடம், வர்ல."

அடுத்து நான் செய்தது முழு முட்டாள்தனம். பதறிப்போய், படிவத்தில் இருந்த எண்ணுக்கே அவர் எதிரில் போன் போட்டேன். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் வேறு ஆன் ஆகிவிட்டது.

"சொல்லுங்க மேடம்," கணீரென்று வந்தது குரல், "அப்பாதான் பேசறேன்."

அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். மஞ்சள் பையை மெதுவாக நாற்காலியில் வைத்தார்.

நான் வரச் சொன்னதும் ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடி வந்தார். அவர் அழாத குறைதான். "அண்ணாத்த, தப்பா நெனைக்காதீங்க. பசங்க வூட்டுக்கு போவணும்னு வந்து நிக்கும், அப்பன் போனை எடுக்க மாட்டான்னு அழுவும். நானும் மூணு பொண்ணு பெத்தவன். வூட்டுக்குத்தானே போவுது, ஒரு வார்த்தை சரின்னு சொன்னா இன்னா போச்சுன்னு..." அவர் மட்டுமல்ல, நாங்கள் எல்லாருமே அப்படித்தான் நினைத்திருந்தோம். படாளத்துக்காரர் அவரைத் திட்டவில்லை. "எம்பொண்ணு எங்க?" என்று மட்டும் கேட்டார். கடைக்காரருக்குத் தெரியவில்லை.

அறைத்தோழிக்குப் போன் போட்டேன். அவள் வீட்டில் அவளும் காய்ச்சலில் கிடந்தாள். "செங்கல்பட்டு வரைக்கும் ஒண்ணாத்தான் வந்தோம் மேம். வூட்டுக்குப் போ மாட்டேன், பாப்பாவுக்கு ஒட்டிக்கும், ஸ்கூல் ஃப்ரெண்டு ரூம்ல ரெண்டு நாள் இருந்துட்டு போறேன்னு சொன்னா. அவ அப்பாவுக்கு நீங்க சொல்லிட்டீங்கன்னு நெனைச்சேன்."

பள்ளித் தோழி யாரென்று படாளத்துக்காரருக்குத் தெரிந்திருந்தது. கருங்குழிப் பெண், தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம், அதனால் எடுக்கவில்லை. அந்தத் தோழியின் அப்பாவைப் போனில் பிடித்து இடத்தைக் கேட்டார். செங்கல்பட்டு, கொளவாய் ஏரிப் பக்கம், நான்கைந்து பெண்கள் சேர்ந்து எடுத்திருக்கும் வீடு. "நானும் வரேன்" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் வண்டியில் ஏறினேன்.

பூஞ்சேரி கூட்டு ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சிற்பம் பார்க்க வந்த வேன்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நகராமல் நின்றன. அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. இன்ஹேலர் தீர்ந்திருக்குமே என்பது மட்டும்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையே தீரப்போகிறது என்றாளே. வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரல்விட்டு எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். கடவுளே, அந்தப் பெண்ணுக்கு மூச்சு இருக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். எந்தக் கடவுளையும் நான் அதுவரை தொந்தரவு செய்ததில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவர் முதல்முறையாகப் பேசினார். சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன்ல பேசினது நான் இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"தெரியாது" என்றேன்.

தலையை ஆட்டினார். செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே மூலையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோளை ஏற்றி ஏற்றி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் காலியான இன்ஹேலர், தொடாத இட்லிப் பொட்டலம். காலையில் தோழி வேலைக்குக் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தாளாம். எழுப்ப வேண்டாமென்று விட்டுப் போயிருக்கிறாள். அப்பாவைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி, வராதே என்பதுபோல ஆட்டினாள்.

"கிட்ட... வராதப்பா," ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது, "பாப்பாவுக்கு... ஒட்டிக்கும்."

அவர் அவளை அப்படியே வாரித் தூக்கினார். அந்த வண்டியில் முன்னால் இரண்டு பேர்தான் உட்கார முடியும். அவளை என் மடியில் சாய்த்தார். அரசு மருத்துவமனை வரைக்கும் அந்த உடம்பின் சூடு என் புடவையைத் தாண்டி இறங்கியது. 'மன்னிச்சுடும்மா' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. வண்டிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மூச்சுக்குழாய் விரிய மருந்தைப் புகையாக இழுக்க வைத்தார்கள். காலையில்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மூச்சு நிதானத்துக்கு வந்துவிட்டது என்று சொன்னார்கள். அவர் வார்டு வாசலிலேயே தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. எனக்கும் தாங்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஒன்பது மணிக்குப் பதிவாளரின் போன். ஆய்வுக் குழு உள்ளே வந்துவிட்டதாம், மெதுவாகவே பேசினார்.

"பொண்ணு பரவாயில்லன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். அப்பா பக்கத்துல இருக்காரா? ஒரு லெட்டர் வாங்கிடுங்க. வெள்ளிக்கிழமை போன்ல சம்மதம் சொன்னது அவர்தான்னு. இல்லேன்னா பொய் நம்பர் கேஸ் ஆயிடும். விதிப்படி பொண்ணை டிஸ்மிஸ் பண்ணணும். எது நல்லதுன்னு நீங்களே எடுத்துச் சொல்லுங்க."

மருத்துவமனைக்கு எதிரே ஒரு கடையில் வெள்ளைத்தாள் வாங்கினேன். என் கையெழுத்திலேயே எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு. வார்டு வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா எழுதிகீது, படிங்க மேடம்."

"'துணைக் காப்பாளர் வெள்ளிக்கிழமை என்னிடம் தொலைபேசியில் பேசினார். என் மகளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது நான்தான்.'"

"நான் சொல்லலியே."

"சொல்லல." தாளை மடியில் வைத்தேன். "அது நீங்க இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். வண்டியில நீங்க கேட்டப்போ பொய் சொல்லிட்டேன். இதுல கையெழுத்து போடாதீங்க. என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும் மேடம். நீங்க தெரியாதுன்னு சொன்னப்பவே தெரிஞ்சிச்சு" என்றார். "நீங்க இன்னாத்த பாத்துக்குவீங்க? உங்களைத் தூக்கிட்டு வேற மேடத்தை வெப்பாங்க. எம்பொண்ணு படிப்பு போனா போனதுதான். குடுங்க இப்டி."

தாளைத் தொடைமேல் வைத்து, பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"தேதி இன்னா போடணும் மேடம்? வெள்ளிக்கிழமையா?"

வார்டுக்குள் அவள் கண் திறந்து படுத்திருப்பது கதவின் இடைவெளியில் தெரிந்தது. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க," என்றேன், "வெள்ளிக்கிழமைதான்."